ஓட்டைக்குடையும் ஈரச்செருப்பும்

சம்பளம் கிடையாது, நன்றி கிடையாது, திட்டு மட்டும் தட்டாமல் வந்து சேரும் வேலை ஒன்று உண்டென்றால் அது இணைய விளையாட்டுக் குழுவில் ஒழுங்கு பார்க்கும் வேலைதான். பூட்டக்காவை யாரும் அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை. 'நீங்கதான் கொஞ்சம் பொறுமைசாலி' என்று யாரோ சொன்னதை நம்பி, தானே போய்த் தலையைக் கொடுத்தாள். வந்த புதிதில் பொறுமை இருந்தது உண்மைதான். அதெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிற்று.

விளையாட்டு என்னவோ சாதுவானதுதான். ஒரு நீளமான கடற்கரை, ஆளுக்கொரு படகுத்துறை. படகு கட்டலாம், மீன் பிடிக்கலாம், சரக்கு ஏற்றி அடுத்தவருக்கு அனுப்பலாம். துப்பாக்கி கிடையாது, கத்தி கிடையாது. அதனாலேயோ என்னவோ, யாரையும் சுட முடியாத எரிச்சலையெல்லாம் பொது அரட்டையில் வந்து கொட்டினார்கள். சண்டை முற்றினால் அந்தப் பேச்சையே பூட்டிவிடுவாள் என்பதால் அவளுக்குப் பூட்டு என்று பெயர் வந்தது. வயதில் மூத்தவள் என்று தெரிந்ததும் அக்காவும் ஒட்டிக்கொண்டது.

பகலில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்த வேண்டும். கொஞ்சம் அதிகம் தேய்த்தால் கழன்று விழும், கொஞ்சம் குறைந்தால் உட்காராது. அந்தக் கண்ணால்தான் அவள் அரட்டையையும் பார்த்தாள். சரி, இல்லையென்றால் தப்பு. நடுவில் வேறு ஒன்று இருப்பதாக யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குழுவின் விதிகளில் இரண்டு அவளே எழுதியவை. ஒன்று, ஒரு ஆளுக்கு ஒரே கணக்கு. இரண்டு கணக்கு வைத்துக்கொண்டு இதிலிருந்து அதற்குச் சரக்கு அனுப்பினால், மற்றவர்கள் மாதக்கணக்கில் பாடுபட்டு ஏறும் இடத்துக்கு நோகாமல் ஏறிவிடலாம். மற்றொன்று, பொது அரட்டையில் வாடா போடா கூடாது. எவ்வளவு கோபம் வந்தாலும் 'நீங்க' என்றுதான் பேச வேண்டும். 'நீங்க ஒரு மடையன்' என்று எழுதுவதற்குள் பாதிப் பேருக்குக் கோபம் இறங்கிவிடும் என்பது அவள் கணக்கு. கணக்கு பெரும்பாலும் பலித்தது.

ஓட்டைக்குடை, ஈரச்செருப்பு என்ற இரண்டு பேர்கள் வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் இரண்டு விதிகளுக்கும் ஏழரை பிடித்தது.

"டேய் ஈரச்செருப்பு, உன் தகரப் படகை என் துறையில இருந்து எடுக்கிறியா, இல்ல முழுக்கடிக்கட்டுமா?" என்று காலையில் ஓட்டைக்குடை எழுதும். சாயங்காலம் பதில் வரும். "உன் துறை என்ன உங்கப்பன் வெட்டின துறையா? போடி கஞ்சப் பிசினாறி." மறுநாள் காலை அதற்குப் பதில். சாயங்காலம் அதற்கும் பதில். அரட்டையில் பாதிப் பேருக்கு இது கொண்டாட்டம். வேலைக்குப் போகும் வழியில் பேப்பர் படிப்பதுபோல் படித்துவிட்டுப் போனார்கள். மீதிப் பேர் பூட்டக்காவுக்குப் புகார் எழுதினார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடம் என்று எழுதினார்கள். எனக்கு மட்டும் எச்சரிக்கை, அவங்களுக்குக் கிடையாதா என்று, போன வாரம் கண்டபடி பேசி எச்சரிக்கை வாங்கியவர்களெல்லாம் எழுதினார்கள்.

எச்சரித்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் ஒரு மதியம், சோற்று டப்பாவைத் திறந்துவைத்தபடியே இரண்டு கணக்கையும் நோண்ட ஆரம்பித்தாள். நோண்ட நோண்ட முகம் மலர்ந்தது. இரண்டும் ஒரே வீட்டு இணைப்பிலிருந்து, ஒரே கணினியிலிருந்து வருகின்றன. ஒன்று இருக்கும்போது மற்றொன்று இருந்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வளவு கேவலமாகத் திட்டிக்கொள்ளும் இரண்டு பேரும் சத்தமில்லாமல் ஒருவருக்கொருவர் சரக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். 'நாசமாப் போ' என்று எழுதிய கையோடு ஒரு படகு நிறையக் கயிறு போயிருக்கிறது. 'உன் மூஞ்சியில முழிச்சாலே வலை கிழியுது' என்று எழுதிய கையோடு பத்துக் கூடை மீன்.

எதிரிக்கு எவனாவது மீன் அனுப்புவானா? ஒரே ஆள்தான். இரண்டு கணக்கு, பொய்ச் சண்டை, அந்தக் கூச்சலுக்கு நடுவே சரக்குக் கடத்தல். பூட்டக்கா இரண்டையும் தடைசெய்தாள். எதனால் என்று பொது அரட்டையில் விளக்கமாக ஒரு அறிவிப்பும் போட்டாள். 'சபாஷ் பூட்டக்கா' என்று நாலு பேர் எழுதினார்கள். அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போனாலும் ருசித்தது.

சபாஷெல்லாம் சாயங்காலம்வரைதான். "பாவம், அவங்க இருந்தாத்தான் கலகலன்னு இருந்துச்சு" என்று ஒருவர் ஆரம்பித்தார். புகார் எழுதிய அதே ஆட்களே இப்போது நியாயம் கேட்டார்கள். பூட்டக்காவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருந்தால் ஏன் இருக்கிறார்கள் என்கிறார்கள், தூக்கினால் ஏன் தூக்கினாய் என்கிறார்கள். இந்தச் சனங்களுக்கு என்னதான் வேண்டும்?

மறுநாள் கடையில் லென்ஸ் தேய்க்கும் அறையில் இருந்தபோது தாத்தா போனில் கூப்பிட்டான். தாத்தா என்றால் கிழவன் இல்லை. இருபதுகளில் இருப்பவன், ஒரு கிடங்கில் சரக்கு எடுத்துக்கொடுக்கும் வேலை. ஒவ்வொரு சொல்லையும் யோசித்து, தவறாமல் முற்றுப்புள்ளி வைத்து எழுதுவதால் அந்தப் பெயர். குழுவில் ஒழுங்கு பார்க்க அவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் போட்ட தடையை எதிர்த்து முறையீடு வந்தால் மற்றவரும் சேர்ந்துதான் விசாரிக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் வழக்கம்.

"அக்கா, ரெண்டு முறையீடு வந்திருக்கு. பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒரே ஆளு, ரெண்டு முறையீடு. ஒரு வெக்கம் வேணாம்?"

"ஈரச்செருப்பு தன் வீட்டுக்காரர்னு ஓட்டைக்குடை அம்மா எழுதியிருக்காங்களே."

"எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. ஒருத்தன் ரெட்டைப் பிறவின்னு சொல்லி, குரலை மாத்தி மாத்திப் பேசி நம்ம காதுல பூ சுத்தினானே, மறந்துட்டியா?"

"மறக்கலக்கா. அதனாலதானே ரெண்டு குரல் சோதனையே வந்துச்சு. அதை வச்சுப் பாத்துடலாம். ஞாயித்துக்கிழமை விளையாட்டோட இந்தப் பருவம் முடியுது. தடையில இருக்கிற கணக்கெல்லாம் தானா அழிஞ்சிடும். அப்புறம் நாம தப்புன்னு தெரிஞ்சாலும் திரும்பி வராது."

"நாமன்னு சொல்லாத. நீங்கன்னே சொல்லு, பரவால்ல."

ஆனாலும் சரி என்று சொல்லிவைத்தாள். சொன்னதற்குக் காரணம் அந்த முறையீடு. ஈரச்செருப்பு எழுதியது இரண்டே வாக்கியம். 'நான் அவள் இல்லை. கணக்கைத் திருப்பித் தரவும்.' அதைப் படித்து அவள் சிரித்தேவிட்டாள். ஓட்டைக்குடை எழுதியதன் கடைசி வரிகளில்தான் சிரிப்பு வரவில்லை. 'படகு போனால் போகட்டும், துறையும் போகட்டும். கணக்கை மட்டும் அழித்துவிடாதீர்கள். எனக்கு இது வேண்டும். ஏன் என்று எழுதத் தெரியவில்லை.' ஏமாற்றுகிறவர்கள் படகுக்கு அழுவார்கள், சரக்குக்கு அழுவார்கள். சரக்கில்லாத வெறும் கணக்கை வைத்துக்கொண்டு இந்தப் பெண்பிள்ளை என்ன செய்யப் போகிறாள்? புரியாதது எதையும் பூட்டக்காவுக்குப் பிடிக்காது. வாடிக்கையாளரின் ஃப்ரேமை அன்றைக்கு இரண்டு முறை தப்பாக வளைத்தாள்.

சனிக்கிழமை மதியம் சோதனை. வீட்டுக் கூடத்தில் அவள் கணவன் யாருடைய வாஷிங் மெஷினின் மோட்டாரையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதுதான் அவன் தொழில். லீவு நாளிலும் கூடம் முழுக்கத் திருகாணியாகக் கிடக்கும்.

"இன்னைக்கு யாரை நாடு கடத்தப் போற?" என்றான்.

"கொஞ்சம் சத்தம் போடாம இருக்கியா? விசாரணை இருக்கு."

"ஐயோ, நீதிபதி அம்மா வந்துட்டாங்க. எந்திரிச்சு நிக்கணுமா?"

அவனை முறைத்துவிட்டு, கணினியைத் திறந்து குரல் அறைக்குள் போனாள். தாத்தா ஏற்கெனவே அங்கே காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் ஓட்டைக்குடையின் பெயர் மட்டும் திரையில் வந்தது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

சோதனை எளிமையானது. ஒருவர் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண வேண்டும். அதே நேரத்தில் மற்றவர் பத்திலிருந்து ஒன்றுவரை எண்ண வேண்டும். எவ்வளவு பெரிய நடிகனாக இருந்தாலும் ஒரு தொண்டையிலிருந்து இரண்டு எண் ஒன்றாக வராது.

"ரெண்டு பேரும் இருக்கீங்களா?" என்று தாத்தா கேட்டான்.

"இருக்கோம்ப்பா. ஒரே மைக்குதான் இருக்கு, அதான் பக்கத்துல உக்காந்திருக்கோம்," என்றது பெண்குரல். ஐம்பதைத் தாண்டிய குரல். "அவரு ஒண்ணுல இருந்து சொல்லட்டும். நான் பத்துல இருந்து வரேன்."

தாத்தா 'ஆரம்பிங்க' என்றதும் ஒரு ஆண்குரல் ஒன்று இரண்டு மூன்று என்று ஓட்டமாக ஓடியது. பெண்குரல் பத்து, ஒன்பது என்று நிதானமாக இறங்கியது. அவர் பத்தைத் தொட்டபோது அம்மா ஆறில்தான் இருந்தாள். இருந்தாலும் அந்தக் கொஞ்ச நேரம் இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெளிவாகக் கேட்டன.

தப்பு தன்னுடையதுதானோ என்று பூட்டக்காவுக்குத் தோன்றியது. அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. "ஒரு குரலை முன்னாடியே பதிவு பண்ணி ஓட்டலாம்," என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க. இந்தத் தடவை அம்மா ஒண்ணுல இருந்து, ஐயா பத்துல இருந்து. முடிக்கிறப்ப சேர்ந்து முடிக்கணும்."

மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி ஆண்குரல் முந்திக்கொண்டு முடித்தது.

"உங்களுக்கு எதுலதான் அவசரம் இல்ல? சேர்ந்து முடிங்கன்னு சொல்றாங்கல்ல?" என்றாள் அந்த அம்மா.

"நீ ஏன் இழுத்து இழுத்து எண்ணுற? உன்கூட எண்ணினா பொழுது விடிஞ்சிடும்."

"ஆமா, நான் இழுக்கிறேன். நீங்க என்னைக்கு என்கூடச் சேர்ந்து ஒரு வேலை முடிச்சிருக்கீங்க? கடைக்குப் போனாலும் நீங்க பாட்டுக்கு முன்னாடி போயிடுவீங்க. நான் பின்னாடி பையைத் தூக்கிட்டு ஓடி வரணும்."

"பையை யார் தூக்கச் சொன்னா?"

"நீங்க திரும்பிப் பாத்தாத்தானே தெரியும் கையில பை இருக்குன்னு!"

தாத்தா 'ஐயா', 'அம்மா' என்று நடுவில் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தான். யாரும் அவனைச் சீந்தவில்லை. கூடத்தில் ஸ்க்ரூடிரைவர் சத்தம் நின்றுபோயிருந்தது. "அந்தம்மா கேக்கறது நியாயம்தானே," என்று பூட்டக்காவின் கணவன் தாழ்ந்த குரலில் தீர்ப்பு வேறு சொன்னான். திரையின் ஓரத்தில் தாத்தாவிடமிருந்து ஒரு சொல் வந்து நின்றது. 'இருவர்.' முற்றுப்புள்ளியோடு.

பூட்டக்காவுக்கு அவமானமாக இருந்தது. எல்லார் முன்னாலும் அவ்வளவு விளக்கமாக அறிவிப்புப் போட்டோமே என்று நினைக்க நினைக்கக் காது சூடேறியது. சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"மன்னிச்சுக்கங்க," என்றாள். "நீங்க ரெண்டு பேருதான். நான் அவசரப்பட்டுட்டேன். தடையை எடுத்துடறேன்."

"ரொம்ப நன்றிம்மா," என்ற பெண்குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. "நாளைக்கு அழிஞ்சிடும்னாங்க. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல."

தடையை எடுத்தாள். எடுத்த பிறகும் ஒரு விஷயம் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. "ஒண்ணு மட்டும் கேக்கறேன், ஐயா. அத்தனை திட்டு திட்டிட்டு எதுக்குக் கயிறு அனுப்புனீங்க?"

"கயிறு தீந்துபோய் இருந்துச்சு. அனுப்புனேன்."

"அவங்க கேட்டாங்களா?"

"கேக்கல. பாத்தாத் தெரியாதா?"

அதற்கு மேல் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. தாத்தாதான் தயங்கித் தயங்கி, "அக்கா, இன்னொண்ணு பாக்கி இருக்கே," என்றான்.

இருந்தது. அதுதான் இந்த வேலையின் லட்சணம். ஒருவர் தன்னைத்தானே டேய் என்று திட்டிக்கொண்டால் அதற்கு விதி எதுவும் இல்லை. இருவர் என்று நிரூபித்துவிட்டார்களே, இப்போது அதே வார்த்தைகள் குற்றம். எத்தனையோ முறை எச்சரித்தும் கேட்காத குற்றம். இதைவிடக் குறைவாகப் பேசியவர்களுக்கெல்லாம் ஒரு மாதம் வாய்ப்பூட்டு போட்டிருக்கிறாள். இவர்களை விட்டுவிட்டால் அந்த ஆட்கள் அத்தனை பேரும் நாளைக் காலையில் அவள் தலையில் வந்து ஏறுவார்கள். தப்பென்றால் தப்பு. அவள் பொத்தானை அழுத்தினாள்.

"படகு ஓட்டலாம், மீன் பிடிக்கலாம், எல்லாம் பண்ணலாம்," என்று எடுத்துச் சொன்னாள். "பொது அரட்டையில மட்டும் ரெண்டு பேரும் ஒரு மாசத்துக்கு எழுத முடியாது. வாடி போடின்னு பேசுனதுக்கு. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், தப்பா எடுத்துக்காதீங்க."

அந்தப் பக்கம் நாற்காலி முன்னால் இழுபட்டது.

"ஒரு மாசமா?" என்றாள் அந்த அம்மா. "அதுவரைக்கும் நாங்க எங்கம்மா பேசிக்கிறது?"

பூட்டக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலையிலிருந்து அடக்கிவைத்த கோபம், தன் மேலேயே இருந்த கோபம் எல்லாம் சேர்ந்துகொண்டது. "என்னம்மா இது? பக்கத்துலதானே உக்காந்திருக்காரு? திரும்பிப் பேசுங்களேன்! யாரு வேணாம்னா?"

"பக்கத்துல உக்காந்தா பேச்சு வரமாட்டேங்குதே," என்றாள் அவள். ஏதோ குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். "சண்டை கிண்டை எதுவும் இல்ல. பொண்ணு கல்யாணமாகிப் போனதுக்கப்புறம் அப்படியே பேச்சு நின்னுபோச்சு. அவருக்குக் காலையில வேலை, எனக்குச் சாயங்காலம். சாப்பிட்டாச்சா, கதவைப் பூட்டியாச்சா, அவ்வளவுதான். பொண்ணுதான் பொழுது போகும்னு ஆளுக்கொரு கணக்கு போட்டுக் குடுத்துட்டுப் போனா. ஒரு நாள் இவரு படகைக் கொண்டாந்து என் துறையில நிறுத்திட்டாரு. எனக்கு வந்த கோபத்துல டேய்னு எழுதிட்டேன். கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து இவரை நீங்க, வாங்கன்னு தவிர வேற கூப்பிட்டதில்லம்மா. எழுதிட்டுப் பயந்துபோய் உக்காந்திருந்தேன். ராத்திரி வேலையில இருந்து வந்து பாக்கறேன், பதில் எழுதியிருக்காரு. இத்தனை நீளத்துக்கு. அவரு என்கிட்ட ஒரே மூச்சுல அவ்வளவு பேசி எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்கே நினைப்பில்ல."

பூட்டக்காவின் கை இன்னும் மவுஸின் மேலேயே இருந்தது.

"சரி, ஐயா என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். குரலில் இன்னும் கடுப்பு மிச்சமிருந்தது. "உங்களைத்தானே டேய்ங்கிறாங்க, ஊரே பாக்க. பாதிக்கப்பட்ட ஆளு நீங்கதான். உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

எண்ணும்போது இருந்த அவசரம் இப்போது அவருக்கு இல்லை.

"இல்லீங்க," என்றார் கடைசியில். "கூப்பிடட்டும். எனக்கு அது பிடிச்சிருக்கு."

'அவரு சொன்னதைக் கேட்டியா' என்று கேட்கக்கூட அந்த அம்மாவுக்கு ஆள் இல்லை. வீட்டில் இருந்த ஒரே ஆள் அதைச் சொன்னவர்தான்.

பூட்டக்கா தாத்தாவிடம் யோசனை கேட்கவில்லை. வழக்கப்படி கேட்டிருக்க வேண்டும். பொத்தானை மறுபடி அழுத்தி, போட்ட வாய்ப்பூட்டை எடுத்தாள். "எடுத்துட்டேன்," என்றாள் வெடுக்கென்று. "படகையாவது ஒழுங்கா நிறுத்துங்க. அதை வச்சுத்தான் எனக்குப் பாதிப் புகார் வருது."

"அக்கா, மத்தவங்க கேட்டா?" என்று தாத்தா கேட்டான்.

"என்னைத் திட்டட்டும். இன்னைக்குப் புதுசாவா திட்டப் போறாங்க?"

குரல் அறையை விட்டு அவர்கள் இன்னும் போகவில்லை. விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. ஒற்றை விரலால் தட்டும் சத்தம். பொது அரட்டையில் ஒரு வரி வந்து விழுந்தது.

'டேய் ஈரச்செருப்பு, தகரப் படகை எடுடா.'

மைக்கில் ஒரு ஆள் சிரித்தார். கொஞ்ச நேரம் சிரித்தார். அப்புறம் நாற்காலி நகர்ந்தது. "தள்ளு, நான் எழுதணும்," என்றார். "உங்க கணக்குல போய் எழுதுங்க, இது என்னுது," என்றாள் அவள். அத்தோடு இணைப்பு போயிற்று.

பூட்டக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியை மூடப் போனாள். அதற்குள் புகார்ப் பெட்டியில் மணி அடித்தது. 'பூட்டக்கா, பொது அரட்டையைப் பாருங்கள். இங்கே விதி என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?'

பதில் எழுத உட்கார்ந்தாள். எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள், அழித்தாள். உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு பேரின் மானம் போகும். பொய் சொல்ல அவளுக்கு வராது. அதற்குள் மணி இன்னும் மூன்று முறை அடித்துவிட்டது.